லெகோனில் ஒரு தேர்வு



கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் வணிகம் செய்து வரும் நம் ஊர்க்காரர் ஒருவரின் மகன், சிறு வயதில் விடுமுறை தோறும் என்னிடம் ஓதியவர். இப்போது லெகோனிலுள்ள கானா பல்கலைக் கழகத்தில் கணினிப் பொறியியல் பயில்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் குறைபட்டுக் கொண்டார்: "பொறியியல் படிக்க வந்த எனக்கு ஆப்பிரிக்கவியல் எதற்கு, ஹஜ்ரத்? அதில் தேறாவிட்டால் பட்டமே இல்லையாம்!"

மெய்தான். அங்கே எத்துறை மாணவராயினும் ஆப்பிரிக்கவியலில் ஒரு தாள் தேறியாக வேண்டும். நாடு விடுதலை பெற்றது 1957 மார்ச் 6-இல். ஆப்பிரிக்கவியல் நிறுவனத்தை 1963 அக்டோபரில் குவாமே இன்க்ருமா முறைப்படி திறந்து வைத்தார். ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கரின் கண்கொண்டு ஆராய வேண்டும் என்பதே அன்று அவர் ஆற்றிய உரையின் சாரம். அதே 1963-இல்தான் ஆக்ஸ்போர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹக் ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, எஞ்சியது இருள் என்று பேசினார். நானும் கலைப் பட்ட வகுப்பில் 'இருண்ட கண்டம்' என்று எழுதியவனே. அந்தத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது! அந்த வெட்கத்தினால்தான் தம்பிக்கு உதவ முன்வந்தேன்.

இத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாகும் எவரும் முதலில் வரைபடத்தை விரித்து வைத்துக் கொள்ளுங்கள். பெயர்களே பெரும் பொறி. பழைய கானாப் பேரரசு இன்றைய கானாவில் இல்லை. வடமேற்கே வெகு தொலைவில், இன்றைய மௌரிடானியா, மாலி நாடுகளின் பகுதிகளில் இருந்தது. தங்கக் கடற்கரை என வழங்கிய நாடு, விடுதலையின்போது அப்பெயரைச் சூடிக் கொண்டது. வெண்கலச் சிற்பங்களால் புகழ் பெற்ற பெனின் அரசு இருந்த இடம் நைஜீரியா. இன்றைய பெனின் நாடோ 1975 வரை தஹோமி. இதில் தடுமாறினால் விடை முழுவதும் தடம் மாறும். பெர்லின் மாநாடு (1884-85) குறித்த வினாவில், ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட அங்கு அமர்த்தப்படவில்லை என்பதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ஆதாரங்கள். எதைச் சொன்னாலும் யார் எழுதியது, எங்கிருந்து எழுதினார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய கானாவைப் பற்றி 1068-இல் எழுதிய அல்-பக்ரி ஸ்பெயினை விட்டு வெளியே சென்றதில்லை. வணிகரிடம் கேட்டும் முன்னோர் நூல்களைப் பார்த்தும் எழுதினார். மன்சா மூஸா 1324-இல் மேற்கொண்ட ஹஜ் பயணத்தைப் பற்றி அல்-உமரி பின்னாளில் கெய்ரோவில் கேட்டறிந்தார். மதுரைச் சுல்தான்களின் அவைக்கு வந்து சென்ற இப்னு பதூதாவோ 1352-53-இல் மாலியை நேரிலேயே கண்டார். அரசரின் வரவேற்புப் பரிசு வந்திருக்கிறது என்று பரபரப்புடன் எழுந்தவருக்குக் கிடைத்தவை மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர்! அரசரைக் கருமி என்று எழுதிய அவரே, அந்நாட்டில் வழிப்பயணிக்கு அச்சமில்லை என்றும் எழுதினார். மனத்தாங்கல் உள்ளவர் அளித்த பாராட்டுக்கு மதிப்பு அதிகம். தேர்வில் இதை எடுத்துக் காட்டலாம்.

எழுத்தறியாக் கண்டம் என்ற வாதத்திற்கு விடை 'அஜமி'. ஹவுசா, ஃபுல்ஃபுல்டே முதலிய மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. உஸ்மான் தன் ஃபோதியோவின் மகளார் நானா அஸ்மாவு (1793-1864) அரபியிலும் அவ்விரு மொழிகளிலும் கவிதை யாத்தார். ஆசிரியைகளைப் பயிற்றுவித்துச் சிற்றூர்ப் பெண்களுக்குக் கல்வி சேர்த்தார். லெகோன் நிறுவனத்திலேயே இத்தகைய அரபு எழுத்துச் சுவடிகள் பேணப்படுகின்றன. போய்ப் பார்த்து வரும்படி தம்பியிடம் கூறினேன். வேண்டா வெறுப்பாகவே சென்றார்.

மறுநாள் அவரே அழைத்தார். "ஹஜ்ரத், இது நம்ம அரபுத்தமிழ் மாதிரியே இருக்கிறதே! உம்மம்மா பெட்டியில் ஒரு பழைய கிதாபு இருக்கும். அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்."

நேற்று மாலை அவ்வீட்டிற்குச் சென்று படமெடுத்து அனுப்பி வைத்தேன். அடுத்த வாரம் தேர்வு.