கைக்கடிகாரம்: அசலும் போலியும்

கைக்கடிகாரத்தைப் பற்றிச் சங்க இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். காரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், துபாயிலோ ஷார்ஜாவிலோ மஸ்கட்டிலோ ஒரு மகனோ, மருமகனோ, மைத்துனரோ வேலை பார்த்துவருகிறார். விடுமுறைக்கு அவர் ஊர் திரும்பும்போது பெட்டியிலிருந்து இறங்கும் பொருள்களுள் கைக்கடிகாரத்திற்கு எப்போதும் ஒரு தனி மதிப்பு உண்டு. அதிலும் அண்மைக் காலத்தில், கடலில் மூழ்குவோருக்கென்று செய்யப்படும் கனத்த கடிகாரங்களின் மீது இளைஞருக்கு மோகம் மிகுந்திருக்கிறது. அசல் ரோலெக்ஸ் சப்மரீனர் ஒன்றின் விலை பல இலட்சம் ரூபாய். அதே தோற்றமுடைய போலி சில ஆயிரத்திற்குக் கிடைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட விலையில், 'அவசரத்துக்கு விற்கிறேன், அசல் சரக்கு' என்ற பேச்சோடு கைப்பேசி வழியே வருவது ஒன்று உண்டு. குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இம் மூன்றாவதிடத்தில்தான்.

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு நிலபுலன் குறைவு; கையில் எடுத்துச் செல்லத்தக்க பொருளே சேமிப்பு. அதனாற்றான் நம்மவர் தங்கத்தை நம்புகின்றனர். தங்கத்திற்கோ இன்று காவல் உண்டு. ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி இல்லாமல், முத்திரையிட்ட நகையைக் கடைக்காரர் விற்கக்கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் குறியை வாங்குபவர் தாமே சரிபார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். கைக்கடிகாரத்திற்கு அத்தகைய மூன்றாமவர் முத்திரை ஏதும் இல்லை. அதன்மேல் உள்ள அடையாளங்கள் அனைத்தும் செய்தவனே பொறித்துக்கொண்டவை. போலி செய்பவன் முதலிற் பார்த்துப் பொறிப்பதும் அவற்றையேதான். 'சுவிஸ் மேட்' என்ற இரு சொற்களுக்கு அந்நாட்டில் கடுமையான சட்டம் உண்டு. 2017 முதல், கடிகாரத்தின் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்திலேயே ஆகியிருக்கவேண்டும். ஆனால் எங்கோ ஒரு பட்டறையில் அவ்விரு சொற்களை அச்சிடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே, பெயரை விட்டுவிட்டு, அந்தக் கடிகாரம் எந்த வேலைக்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1926இல் ரோலெக்ஸ் நிறுவனத்தார் தண்ணீர் புகாத கூடு ஒன்றைச் செய்து அதற்கு 'ஆயிஸ்டர்', அதாவது சிப்பி என்று பெயரிட்டனர். மறு ஆண்டு அக்டோபரில் மெர்செடிஸ் கிளைட்ஸே என்ற ஆங்கில நங்கை அதை அணிந்துகொண்டு ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரத்திற்கு மேல் நீந்தினார். குளிர் தாங்காமல் அவர் கரை சேராமலே படகில் ஏற்றப்பட்டார். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூழ்குவோர்க்கென்றே அமைந்த கடிகாரம் 1953இல் வந்தது. பிளாங்பேன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்', ரோலெக்ஸின் 'சப்மரீனர்' இரண்டும் அவ்வாண்டுப் பிறவிகளே. ஒமேகாவின் 'சீமாஸ்டர் 300' 1957இலும், நம் நாட்டில் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த ஃபேவர் லூபாவின் 'டீப் புளூ' 1964இலும் வெளிவந்தன.

நம் விழிஞ்ஞத்தில் பாறையில் ஒட்டிய சிப்பி எடுக்க மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. அவர்கள் மார்பே அவர்களுக்கு நேரம் சொல்லிவிடும். முதுகிற் காற்றுக்கலம் சுமந்து இறங்குபவன் நிலை வேறு. கலத்தில் எத்தனை நிமிடத்திற்குக் காற்று மிஞ்சியிருக்கிறது என்று அவன் அறியவேண்டும். அதற்காகவே கண்ணாடியைச் சுற்றி ஒரு சுழல்வளையம் வைத்தனர். இறங்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், கழிந்த நிமிடங்கள் வளையத்திலேயே தெரியும். அந்த வளையம் இடப்புறமாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்து அது நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகக் காட்டுமேயன்றிக் குறைவாகக் காட்டாது; மூழ்கியவன் முன்கூட்டியே மேலே வந்துவிடுவான். இவ்வளவு கருணையோடு அமைத்த ஒரு கருவியை வெறும் ஆபரணமாகப் பார்ப்பது நமக்குச் சற்று வருத்தமே. எனினும் இன்று அதை அணிவோரிற் பெரும்பாலோர் கோவளத்து அலையிற் கால் நனைப்பதோடு சரி.

போலிகளிலும் பல தரம் உண்டு. கீழ்த்தரமானது மின்கலத்தால் ஓடுவது. அதன் நொடிமுள் நொடிக்கு ஒருமுறை குதிக்கும். சப்மரீனர் மின்கலத்தால் ஓடுவதன்று. கை அசைவினால் தானே சாவி ஏறும் வகையைச் சேர்ந்தது. ஆகையால் முள் குதித்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்று பலர் முடிவு கட்டுகின்றனர். இது முற்றிலும் தவறு. மலிவான தானியங்கிப் பொறிகளிலும் முள் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். இன்றைய ரோலெக்ஸ் பொறி மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. மலிவானவற்றிற் பல நொடிக்கு ஆறு. எட்டுத் துடிப்புப் பொறியையும் இப்போது போலியில் வைத்துவிடுகிறார்கள். 'கனமாக இருக்கிறது, அதனால் அசல்' என்பது இன்னொரு நம்பிக்கை. இரும்பின் கனம் யார் செய்தாலும் கனமே.

வியாபாரிகள் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று பெருமையோடு சொல்லி விற்கும் உயர்தரப் போலியில் கண்ணுக்குத் தெரிவன ஏறக்குறைய எல்லாம் சரியாக இருக்கும். ஆயினும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிலவற்றைப் பார்க்கலாம். தேதி காட்டும் சப்மரீனரில் தேதியின் மேலுள்ள சிறு குமிழ்க்கண்ணாடி எழுத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கும். போலியில் எண் சிறுத்துச் சன்னலுக்குள் நீந்திக்கொண்டிருக்கும். சுழல்வளையம் ஒரு முழுச் சுற்றில் 120 இடங்களில் 'டிக்' என்று நிற்கவேண்டும். இடையில் ஆட்டம் இருத்தலாகாது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்தவற்றில், முகப்புக் கண்ணாடியின் ஆறு மணிப் பக்கத்தில் மிக நுண்ணிய கிரீடக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துத் தேடினால்தான் அகப்படும். சாதாரணக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அதுவே ஐயத்திற்கு இடம். சப்மரீனரின் பின்மூடி ஒன்றும் எழுதாத வெற்று இரும்பு. உள்ளே பொறி தெரியும்படி கண்ணாடி பதித்த பின்மூடி அதற்குக் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு, கண்ணாடிப் பின்மூடி எல்லாம் போலியென்று கொள்ளவேண்டாம். 2018இல் புதுப்பித்து வெளியிட்ட ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மீட்டருக்குப் பின்புறம் கண்ணாடியே. எந்த மாதிரிக்கு எது உரியது என்பதை, அந்நிறுவனம் தானே வெளியிட்ட படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

எண்ணும் சீட்டும் சான்றாகாவோ என்றால், தனியே ஆகா. போலி செய்பவர் உண்மையான கடிகாரம் ஒன்றின் எண்ணை எடுத்து நூற்றுக்கணக்கானவற்றில் பொறித்துவிடலாம். உத்தரவாத அட்டையும் பெட்டியும் போலியாகவே தனி விலைக்குக் கிடைக்கின்றன. சீட்டில் உள்ள எண்ணும் கடிகாரத்தில் உள்ள எண்ணும் மாறுபட்டால் போலி அல்லது திருட்டுப் பொருள் என்று ஐயுறலாம். ஒன்றுபட்டால் எதுவும் நிலைநாட்டப்பட்டதாகாது.

போலி செய்பவன் பணத்தைக் கண்ணுக்குத் தெரியும் இடத்திற் செலவிடுகிறான். தெரியாத இடத்தில் மிச்சம் பிடிக்கிறான். ஆகவே தெரியாத இடத்தைப் பார்ப்பதே வழி. பின்மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். இதை வீட்டில் செய்யலாகாது. உரிய சாவிக்கருவி உள்ள, கைபழகிய கடிகாரப் பழுதுநரிடம் கொண்டுபோகவேண்டும். சாலைக் கடைத்தெருப் பக்கத்தில் ஒரு கண்ணில் லூப்பை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் முதியவர்களை இன்றும் காணலாம். அவர்கள் பொறியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்: தகடுகளின் விளிம்பு மழுக்கி மெருகிட்டிருக்கிறதா, திருகாணியின் தலைகள் வடுப்படாமல் இருக்கின்றனவா, கல் பதித்த இடங்கள் தூய்மையாக உள்ளனவா, பொறியின் எண் அந்த மாதிரிக்கு உரியதா என்று. 'திறக்கவேண்டாம், சீல் கெட்டுவிடும்' என்று விற்பவர் தடுப்பாரானால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுவது நலம். திறந்து மூடும்போது இரப்பர் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இரண்டாவது சோதனை தண்ணீர்ச் சோதனை. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 6425 என்ற உலக அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன்படி குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்கவேண்டும். குறித்த ஆழத்தைவிடக் கால்பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கவேண்டும். 300 மீட்டர் என்று பொறித்த கடிகாரம் 375 மீட்டர் அழுத்தத்தைத் தாங்கவேண்டுமென்று பொருள். அதுவும் மாதிரிக்கு ஒன்றைச் சோதிப்பது போதாது. ஒவ்வொன்றும் தனித்தனியே தேறவேண்டும். இருளில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரியவேண்டும். போலியில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கும். எழுதியவன் ஒரு வாளித் தண்ணீரில்கூட அதைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டான்.

அதற்காக நாம் வாளியில் போட்டுப் பார்க்கவேண்டியதில்லை. நல்ல பழுதுநர்களிடம் காற்றழுத்தச் சோதனைப் பெட்டி இருக்கும். நனையாமலே அது கசிவைக் காட்டிவிடும். கருவி இல்லாத இடத்திற்கும் ஒரு பழைய முறை உண்டு. கடிகாரத்தை 40 முதல் 45 பாகை வரை சூடுள்ள தகட்டின்மேல் வைத்துச் சூடேற்றி, கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி இட்டு, ஒரு நிமிடங் கழித்துத் துடைக்கவேண்டும். உள்ளே ஈரம் புகுந்திருந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் பனி படியும். இடவப்பாதி மழை வந்துவிட்டால் அலமாரித் துணியே பூத்துப்போகும் நம்மூர் ஈரத்தில், இச் சோதனையில் தோற்கும் கடிகாரத்தின் பொறி விரைவில் துருவேறும். ஆனால் தோற்றது போலியென்று இதனால் ஆகாது. இரப்பர் தேய்ந்த அசலும் தோற்கும்.

பழைய கடிகாரங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஃபேவர் லூபாவும், 1961இல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய எச்.எம்.டி.யும் நம் தந்தையர் கையில் இருந்தவை. எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தபின் அவற்றிற்கு விலை ஏறிற்று. விலை ஏறவே கள்ளமும் ஏறிற்று. பொறி அசல், கூடு வேறொன்றினது, முகப்புத் தகட்டிலோ புதிதாகப் பூசிய வண்ணம். தொழிற்சாலை ஒருநாளும் வெளியிடாத நிறங்களில் 'பைலட்' கடிகாரங்கள் விற்பனைக்கு வருகின்றன. பெயரெழுத்தின் விளிம்பு கசிந்திருக்கிறதா, மணிக்குறிகள் நேர்வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஐம்பதாண்டுக் கடிகாரத்தின் முகம் மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல் ஒளிர்ந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பரிசாக வந்ததைச் சோதிப்பது முறையா என்ற கேள்வி நம் வீடுகளில் எழும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பெரியோர் சொல்வர். போலி விற்பவனுக்குப் பெருந்துணையாக இருப்பது இந்தக் கூச்சமே. பிள்ளை அறியாமல் ஏமாந்து வாங்கி வந்திருப்பான்; வீட்டார் கேட்க நாணுவர்; பின்னொரு நாள் கல்லூரிக் கட்டணத்திற்கோ மகள் திருமணத்திற்கோ அதை விற்கப் போகும்போதுதான் உண்மை வெளிப்படும். அன்று ஏமாந்தவர் என்ற பெயரோடு ஏமாற்ற வந்தவர் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலிக் குறியுள்ள பொருளை விற்போருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அறியாமல் செய்தேன் என்று நிலைநாட்டுவோருக்கு விலக்கு உண்டெனினும், அதை நிலைநாட்டும் சுமை அவர் தலையில்தான். எனவே பரிசு கொடுத்தவர் மனம் நோகாதபடி, முதல் பராமரிப்புக்கு என்று சொல்லிப் பழுதுநரிடம் ஒருமுறை காட்டிவிடுவதே நன்று. போலியென்று தெரிந்தால் அன்பின் நினைவாக வைத்துக்கொள்ளலாம், பிறருக்கு விற்கலாகாது.

கடையில் வாங்கி ஏமாந்தவர்கள் இரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தனியாள் ஒருவர் ஏமாற்றி விற்றிருந்தால் அது வஞ்சகம். பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவேண்டும். இரண்டிற்கும் பேச்சு வார்த்தையின் பதிவும், பணம் செலுத்திய சான்றும் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோரே மிகுதி.

அசலென்று உறுதியான பின்னும் ஒன்று நினைவிருக்கட்டும். இருபது முப்பது ஆண்டுப் பழமையான முக்குளிப்புக் கடிகாரம், இரப்பர் வளையங்களை மாற்றிச் சோதிக்கும்வரை, தண்ணீருக்கு உரியதன்று. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரிற் கழுவுங்கள். சாவிக் குமிழை முழுதும் திருகி இறுக்கியபின்னரே நீரில் இறங்குங்கள். நீருக்குள் இருக்கும்போது அதைத் தொடவேண்டாம்.