வில்சன் நோயும் வீட்டுச் சமையலும்

அழகாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து சில மாதங்களுக்குள் கிறுக்கலாகிப் போகிறது. பேச்சு குழறுகிறது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கிச் சிந்துகிறது. வாயோரம் உமிழ்நீர் வடிகிறது. அடக்கமாக இருந்த பிள்ளை சின்ன விடயத்துக்கும் சீறி விழுகிறது. பாடசாலையில் கவனமில்லை என்கிறார்கள். வீட்டில் வயதுக் கோளாறு என்கிறார்கள். உம்மும்மா கண்ணூறு என்பார். வேறு சிலர் ஜின்னின் வேலை என்று முடிவே கட்டி விடுவார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. ஏனெனில் இந்த அடையாளங்களுக்குப் பின்னால், நேரத்தோடு கண்டுகொண்டால் மருந்தினால் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு நோய் ஒளிந்திருக்கக் கூடும். அதற்கு வில்சன் நோய் என்று பெயர்.

1912 இல் லண்டனில் கடமையாற்றிய கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர் இதனை விரிவாக எழுதி வைத்தார். அவருடைய பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிறு வயதில் பெரும்பாலும் ஈரல் நோயாகவும், பதின்ம வயதிலும் அதற்குப் பின்னும் நரம்பு நோயாகவும் இது தலைகாட்டுகிறது.

செம்பு என்ற உலோகம் எமது உடலுக்கும் தேவை. மிகச் சிறிதளவே தேவை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூட வேண்டியதில்லை. உணவில் வரும் மேலதிகச் செம்பை ஈரல் பித்தநீரோடு சேர்த்து மலத்தில் வெளியேற்றி விடுகிறது. வில்சன் நோயாளியின் ஈரலுக்கு இந்த வேலை வராது. பதின்மூன்றாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே காரணம் என்பது 1993 இல் கண்டறியப்பட்டது. வெளியேறாத செம்பு முதலில் ஈரலில் தேங்கி, பின்னர் இரத்தத்தில் கலந்து மூளையில் படிகிறது. கருவிழியின் ஓரத்திலும் படிந்து பழுப்பு நிற வளையமாகத் தெரிவதுண்டு. கண் வைத்தியர் தம்முடைய கருவியால் பார்த்து அதைச் சொல்லிவிடுவார்.

அப்படியானால் செம்புள்ள சாப்பாட்டை விட்டால் நோய் போய்விடுமா? போகாது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இந்நோயைக் குணப்படுத்தியதில்லை. 1956 இல் ஜோன் வால்ஷ் என்ற ஆங்கிலேய வைத்தியர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொண்டுவரும் வரை இது உயிரைக் குடிக்கும் நோயாகவே இருந்தது. இன்று அதுவும், ட்ரையென்டீன் என்ற மருந்தும், துத்தநாகக் குளிசையும் உண்டு. மருந்துதான் பிரதானம், சமையலறை அதற்குத் துணை. ஆனால் அந்தத் துணை தவறினால் மருந்தின் பாதி உழைப்பு வீணாகிவிடும்.

எமது வீடுகளில் துணை தவறும் இடம் ஈரல்தான். பிள்ளை மெலிந்துவிட்டால், முகம் வெளிறிவிட்டால், உம்மாவின் கை தானாகவே ஈரலைத் தேடிப் போகும். இரத்தம் ஊறும் என்று சூப்பு வைத்துக் கொடுப்பாள். பாசத்தோடு கொடுக்கப்படும் அந்தக் கோப்பைதான் இந்தப் பிள்ளைக்கு ஆகாதது. 100 கிராம் மாட்டு ஈரலில் 10 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கிறது. ஒரே வேளையில் பத்து நாட்களுக்கும் அதிகமான அளவு உள்ளே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டு ஈரலும் விலக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் நாட்களில் உழ்ஹிய்யா இறைச்சியோடு ஈரலும் வீடு வீடாக வரும். விருந்துச் சஹனிலும் ஈரல் கறி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் அன்பாக அள்ளி வைத்துவிடுவார். உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

ஈரலுக்கு அடுத்து நண்டு, இறால், கணவாய், மட்டி, சிப்பி. பின்னர் கஜு முதலிய பருப்பு வகைகள், எள்ளு, கொக்கோ சேர்ந்த சொக்லேட்டும் பானங்களும், காளான். வட்டிலப்பத்தின் மேல் தூவும் கஜுவைப் பிள்ளையின் பங்கில் தவிர்த்து விடுங்கள், வட்டிலப்பத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. சோயா மீட்டையும் அடிக்கடி சமைக்காதிருப்பது நல்லது. இக்கட்டுப்பாடு சிகிச்சை தொடங்கிய முதல் வருடத்தில் மிக முக்கியம். செம்பின் அளவு கட்டுக்குள் வந்த பின் எதைத் தளர்த்தலாம் என்பதை வைத்தியரே சொல்வார்.

நோயாளிப் பிள்ளை உள்ள ஒரு சகோதரி, "மௌலவி, இனி இவனுக்கென்று தனியாகவா உலை வைக்கிறது?" என்று கேட்டார். தேவையில்லை. வெள்ளைச் சோறு, இடியப்பம், பால், தயிர், முட்டை, கோழி இறைச்சி, பெரும்பாலான மீன்கள், மரக்கறி, வாழைப்பழம் எல்லாம் வீட்டாரோடு சேர்ந்து உண்ணக் கூடியவையே. ஆறேழு பொருட்களை விலக்க வேண்டிய இடத்தில் பயத்தினால் அறுபதை விலக்கிப் பிள்ளையைப் பட்டினி போடும் வீடுகளும் உண்டு. நடுக்கமும் தசை இறுக்கமும் உள்ள உடல் தானாகவே மெலியும். அதற்குச் சாப்பாடு குறையக் கூடாது.

செம்புக் குவளையில் இரவு முழுதும் தண்ணீர் வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் இப்போது பலரிடம் பரவியிருக்கிறது. இப்பிள்ளை இருக்கும் வீட்டில் அதை ஒதுக்கி விடுங்கள். ஈயம் தேய்ந்த செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளி சேர்ந்த கறி ஆக்குவதும் வேண்டாம். கடையில் வாங்கும் விற்றமின் குளிசைகளில் செம்பு சேர்ந்திருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தண்ணீரும் ரசமும்தான் புரையேறும். நோன்புக் கஞ்சி போலச் சற்றுத் தடிப்பாக, குழைவாக, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தே உண்ண வேண்டும். இருமல் அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

பெனிசிலமைனை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ கொடுக்க வேண்டும். அதோடு விற்றமின் பி6 குளிசையும் தருவார்கள். இரும்புச் சத்துக் குளிசையை அதே நேரத்தில் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. துத்தநாகம் குடலிலேயே செம்பைப் பிடித்து நிறுத்துவது. அதையும் உணவோடு சேர்க்காமல் இடைவெளி விட்டே கொடுக்க வேண்டும். தொடக்க நாட்களில் சிலருக்கு நடுக்கம் கூடுவதுண்டு. பயந்து நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ரமழானில் இந்த நேரக் கணக்கு சிக்கலாகும். சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் மருந்தை நெருக்கித் திணிக்கலாமா என்பதை முதலில் வைத்தியரிடமும், பின்னர் ஆலிமிடமும் கேளுங்கள். அவர் கூடாதென்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவருக்கு ஃபித்யாவும் இருக்கிறது. ஊரார் என்ன சொல்வார்களோ என்று மருந்தை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பதைப் பேணுதல் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, பிள்ளை நன்றாக எழுதத் தொடங்கியதும், சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்துவது. இது ஆயுள் முழுதும் எடுக்க வேண்டிய மருந்து. நிறுத்தினால் ஈரல் திடீரெனச் செயலிழந்து உயிரே போய்விடலாம். இந்நோயுள்ள பெண் கருவுற்றாலும் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை.

தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் வரும். அவ்விருவரும் சுகமாகவே இருப்பார்கள். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இருவரிடமும் அது இருக்கும் வாய்ப்பு கூடுதல். அதற்காக உம்மாவையோ வாப்பாவையோ குற்றம் சாட்டுவதில் பயனில்லை. பயனுள்ள வேலை ஒன்றிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நோய் என்றால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நானா, தாத்தா, தங்கை, தம்பி எல்லோரையும், எந்த அடையாளமும் இல்லாதபோதே, பரிசோதிக்கக் கொண்டு போங்கள். கண்ணையும் இரத்தத்தையும் பார்ப்பார்கள். 24 மணி நேரச் சிறுநீரும் கேட்பார்கள். காலையில் எழுந்து முதலில் கழிப்பதை விட்டுவிட்டு, அதன் பின் இரவு பகலாகக் கழிப்பது அனைத்தையும், மறுநாள் காலை முதலில் கழிப்பது உட்பட, சேர்க்க வேண்டும். வீட்டுப் போத்தல் எதிலும் பிடிக்காமல், ஆஸ்பத்திரியில் தரும் போத்தலிலேயே பிடியுங்கள்.