கைப்பேசிச் சூதாட்டம்: எந்தச் சட்டம், யாருக்குத் தண்டனை?

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டம் குற்றம். பணம் கட்டி ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும், நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இவற்றைச் சொல்லும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டும் ஒரே ஆட்டத்தை வெவ்வேறு கண்ணால் பார்க்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய சட்டங்கள் சூதாட்டத்தை இடத்தை வைத்தே அடையாளம் கண்டன. சென்னை நகரத்துக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். நகரம் நீங்கலாக மற்றப் பகுதிகளுக்கு 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். வீடு, அறை, கூடாரம், வண்டி, கலம் என எங்கே சீட்டோ பகடையோ வைத்து, அந்த இடத்துக்காரர் லாபம் பார்க்க ஆட்டம் நடந்தாலும் அது சூதாட்ட விடுதிதான் என்று அந்தச் சட்டங்கள் வரையறுத்தன. போலீஸ் உள்ளே புகுந்து சீட்டையும் பணத்தையும் பறிமுதல் செய்தால் வழக்குக்கு ஆதாரம் கையில் இருந்தது.

வடசென்னையில் நெடுநாளாக ஓடும் ‘காட்டன்’ சூதாட்டத்தைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகளின் எண்கள்மீது பம்பாயில் பணம் கட்டிய பழக்கத்தின் வாரிசு இது. நியூயார்க் விலை வருவது நின்று பல பத்தாண்டுகள் ஆன பின்னும், எண்ணைச் சொல்லிப் பணம் கட்டும் முறை நிற்கவில்லை. சீட்டு எழுதுபவர் தெருமுனையில் இருந்தவரை கைது செய்ய ஓர் ஆள் இருந்தார். செயலியில் ஆடும்போது வீடும் இல்லை, சீட்டுக்கட்டும் இல்லை. நடத்துபவர் வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்.

பழைய சட்டங்களில் இன்னொரு வாசலும் திறந்திருந்தது. திறமையால் வெல்லும் ஆட்டங்களுக்கு 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலக்கு அளித்தது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று ஆந்திர வழக்கு ஒன்றில் 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-ல் குதிரைப் பந்தயத்தையும் அந்த வகையில் சேர்த்தது. இணைய ரம்மி நிறுவனங்கள் பிற்பாடு பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் ரம்மி செயலிகள் பெருகின. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைச் செய்திகளும் வந்தன. 2020 நவம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1888, 1930 சட்டங்கள் இரண்டையும் திருத்தி, திறமை ஆட்டமானாலும் பணம் வைத்தால் குற்றம் என்றது. 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு அதை ரத்து செய்தது. திறமை ஆட்டங்களையும் அடியோடு தடுப்பது தொழில் செய்யும் உரிமையை அளவுக்கு மீறி ஒடுக்குகிறது என்பது காரணம்.

அடுத்த முயற்சியில் அரசு கொஞ்சம் நிதானித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அக்டோபரில் அவசரச் சட்டம், அதே மாதம் சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, மார்ச் 23 அன்று சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7 அன்று ஒப்புதல் கிடைத்தது. இந்தச் சட்டம் இடத்தை விட்டுவிட்டு ஆட்டத்தையும் பணப் பாதையையும் பிடிக்கிறது. சூதாட்டத்துக்கான பணத்தை வங்கியோ பணப்பரிமாற்ற நிறுவனமோ அனுப்பக்கூடாது. மாநிலத்துக்கு வெளியே இருந்து நடத்துபவர்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நுழைய முடியாதபடி தடுக்க வேண்டும். கண்காணிக்க இணையவழி விளையாட்டு ஆணையம் ஒன்றும் அமைந்தது.

சட்டத்தின் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பெயர் சொல்லித் தடுத்திருந்தது. மேசையில் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது, சீட்டு கலைப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மென்பொருள் கலைக்கும் சீட்டில் அப்படி எதுவும் தெரியாது என்பது அரசின் வாதம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் ஆதாரம் இல்லை என்றது உயர் நீதிமன்றம். 2023 நவம்பர் 9 தீர்ப்பில் சட்டம் நின்றது. ரம்மி, போக்கர் தடை மட்டும் விழுந்தது. நேரம், வயது போன்றவற்றுக்கு வரம்பு வைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பு சொன்னது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வரம்புகள் 2025 பிப்ரவரியில் வந்தன. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடக்கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை. நாள், வாரம், மாத அளவில் பண வரம்பு. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆட்டத்துக்குப் பூட்டு. கடைசி விதி வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் மூன்று ஷிப்டில் ஓடும் ஆலைகளின் தொழிலாளர்களுக்கும், துறைமுக வாசலில் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் டிரைலர் ஓட்டுநர்களுக்கும் நேரடியாகப் பொருந்துவது. காத்திருக்கும் நேரத்தில் கையில் இருப்பது போன்தான். நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு விதிகளை உறுதி செய்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, டெல்லியில் நிலைமை மாறியது. ஆகஸ்ட் 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் என இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் மூன்றே நாளில் முடிந்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டு நடந்த விவாதத்தை அது ஒதுக்கிவிட்டது. பணம் வைத்து, பணத்தை எதிர்பார்த்து ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தக்கூடாது. நடத்தினாலோ, அதற்கான பணப்பரிமாற்றத்துக்கு வழிசெய்தாலோ 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ட்ரீம்11 உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. இந்தச் சட்டத்தை எதிர்த்து கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளைச் செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. பந்தயமும் சூதும் அரசமைப்பில் மாநிலப் பட்டியலின் 34-ஆம் இனம் என்பதால், நாடாளுமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்பதும் கேள்விகளில் ஒன்று.

மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டம் தண்டிக்கிறது, ஆனால் அதில் ரம்மித் தடை விழுந்துவிட்டது. ஆகவே செயலியில் பணம் வைத்து ரம்மி ஆடியவர் இரண்டு சட்டத்திலும் சிறைக்குப் போகமாட்டார். நடத்திய நிறுவனம்தான் மத்தியச் சட்டத்தில் மாட்டும். அதே ஆள் ஐபிஎல் போட்டிமீது இணையத்தில் பந்தயம் கட்டினாலோ, எண் சுழலும் ஆட்டத்தில் பணம் போட்டாலோ மாநிலச் சட்டப்படி குற்றவாளி. பந்தயப் பணம் வசூலித்துக் கும்பலாக இயங்கும் ஏஜெண்டுகளுக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு ஓராண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. லாட்டரி தனிக் கணக்கு: 2003 முதல் தமிழ்நாட்டில் விற்பனைக்குத் தடை, கேரளச் சீட்டை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து விற்றாலும் குற்றம்தான். பணம் வைக்காத ஆட்டங்களுக்கும், நுழைவுக் கட்டணத்தோடு நடக்கும் மின்விளையாட்டு (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிகளுக்கும் தடை இல்லை.

தோற்ற பணம் பற்றிய சட்டம் இவை எல்லாவற்றையும்விடப் பழையது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்தவர் வழக்குப் போட்டுப் பணம் கேட்க முடியாது. பந்தயம் வாங்கியவர் பாக்கியை நீதிமன்றம் வழியாக வசூலிக்கவும் முடியாது. வங்கியிலோ கடன் செயலியிலோ வாங்கிச் சூதில் விட்ட கடன் அப்படி அல்ல. அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். வட்டிக்காரர் அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் புகார் தரலாம். போலிச் செயலியில் ஏமாந்தவர்கள் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டோடு அது ஒத்துப்போவது தற்செயல்.