பணிநீக்கமும் பாகுபாடும்: மலேசியத் தீர்ப்புகள் காட்டும் நெறி

அரசுப் பணியாளர் ஒருவர் பணியிழக்கும்போது, அவரைப் பணிநீக்கம் செய்த முறை சரியானதா என்பதே பெரும்பாலும் முதலில் ஆராயப்படுகின்றது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 135(2)ஆம் பிரிவு, சில விலக்குகளுக்கு உட்பட்டு, தம் தரப்பை எடுத்துரைக்க நியாயமான வாய்ப்பளிக்காமல் ஒருவரைப் பணிநீக்கம் செய்தலாகாது என்கின்றது. ஆயினும், முறை வழுவாத நடவடிக்கையின் பின்னும் பாகுபாடு இருத்தல் கூடும். அந்நிலையில் துணைநிற்பது 8ஆம் பிரிவு. அதன் ஆற்றலையும் எல்லையையும் ஈண்டு நோக்குவோம்.

அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்தவை நீங்கலாக, சமயம், இனம், மரபுவழி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் அடிப்படையில் சட்டத்திலும் பொது அதிகார அமைப்பின்கீழான பணியமர்த்தத்திலும் பாகுபாடு காட்டுவதை 8(2)ஆம் பிரிவு தடுக்கின்றது. இவற்றுள் ‘பாலினம்’ 2001இல்தான் சேர்க்கப்பட்டது.

இப்பிரிவின் எல்லையை 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உணர்த்தும். கருவுற்றமையால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பு உரிமைகள் அரசுக்கும் தனிமனிதருக்கும் இடைப்பட்டவை. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தா எனக் கூட்டரசு நீதிமன்றம் கூறியது.

இதற்கு மாறான முடிவைச் சிலாங்கூரில் எழுந்த மற்றொரு வழக்கில் காண்கிறோம். 2009இல் தற்காலிக ஆசிரியராக நியமனம் பெற்ற ஒருவர் கருவுற்றிருப்பதைத் தெரிவித்ததும் அந்நியமனம் மீட்டுக்கொள்ளப்பட்டது. இங்கு எதிர்த்தரப்பு அரசு. எனவே, 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்ற நீதிபதி ஸலேஹா யூசோப், கருவுற்றமையைக் காரணங்காட்டி நியமனத்தை மறுப்பது பாலினப் பாகுபாடே எனத் தீர்ப்பளித்தார். மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் அவர் துணைக்கொண்டார். உள்நாட்டுச் சட்டமாக இயற்றப்படாத அவ்வுடன்படிக்கைக்குச் சட்ட வலிமை இல்லை என 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் கருதியது. ஆதலின், இத்தகைய வழக்குகளுக்கு 8(2)ஆம் பிரிவே உறுதியான அடித்தளம் என்பது நம் துணிபு.

வெற்றியின் பயன் எத்தகையது என்பதும் எண்ணத்தக்கது. அவ்வாசிரியருக்கு 2014இல் விதிக்கப்பட்ட 300,000 வெள்ளி இழப்பீடு, 2016இல் 30,000 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. உரிமையை ஏற்றுக்கொள்ளும் நீதிமன்றம் அதன் இழப்பை அளவிடுவதில் தயங்குகின்றதோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மேலும், அவ்வழக்கில் காரணம் கருவுற்றமையே என்பது வெளிப்படையாக இருந்தது. இனமோ சமயமோ உண்மைக் காரணமாயின், அதனை எவரும் கடிதத்தில் எழுதி வைப்பதில்லை. அங்கு, ஒத்த தவறு செய்த பிறர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்னும் ஒப்பீடே சான்றாதல் வேண்டும். நீதிமுறை மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக 3 மாத கால வரம்பே உண்டு. ஆதலின், பணி தொடர்பான கடிதங்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் பணியிலிருக்கும்போதே பேணிவருதல் ஆசிரியர்க்கு இன்றியமையாதது. வேலையிழந்த பின்னர் அவற்றைத் தேடிப் பெறுதல் எளிதன்று.