பொம்மரில் வந்தவர்

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. துறைமுகத்திலும் இரத்மலானையிலும் குண்டுகள் விழுந்தன. அங்கொடை மனநல மருத்துவமனைகூடத் தப்பவில்லை. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானியரின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தாக்கப்பட்டு மூழ்கியது. அதில் 307 பேர் மாண்டார்கள்.

கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் வந்த அணிகளை வானில் இருந்து நடத்தியவர் ஒருவரே. பெயர் மிட்சுவோ ஃபுச்சிடா. பேர்ள் ஹாபரைத் தாக்கியவர், பிறகு கிறிஸ்துவை ஏற்றுச் சுவிசேஷகர் ஆனவர் என்று பிரசங்கங்களில் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பிரசங்கங்களில் கொழும்பும் திருகோணமலையும் வருவதில்லை. ஆகவே நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம். பொம்மர் என்ற சொல்லைக் கேட்டதும் பங்கரை நினைக்கிற பெற்றோரின் பிள்ளைகள் நாம். மேலே பறந்தவரின் கதையைக் கீழே இருந்தவர்களின் பக்கத்தில் நின்றும் வாசிக்கத்தான் வேண்டும்.

ஃபுச்சிடா 1902இல் நாரா மாகாணத்தில் பிறந்தார். கடற்படைக் கல்லூரியில் படித்து, உயரத்தில் நேராகப் பறந்தபடி குண்டு போடுவதில் தேர்ந்தார். அக்காகி என்ற விமானந்தாங்கிக் கப்பலின் விமானக் குழுத் தளபதியானார். 1941 டிசம்பர் 7 காலை பேர்ள் ஹாபரை நோக்கிப் போன முதல் அலையில் 183 விமானங்கள். மூன்று பேர் இருக்கும் குண்டுவீச்சு விமானமொன்றில், விமானியாக அல்ல, தளபதியாக அமர்ந்து அவர் வழிநடத்தினார். எதிரி அறியாமல் வந்துவிட்டோம் என்பதற்கான 'டோரா, டோரா, டோரா' என்ற சமிக்ஞை அவரது விமானத்திலிருந்துதான் போனது. அமெரிக்கர் 2,403 பேர் இறந்தார்கள். 1942 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் டார்வின், ஏப்ரலில் இலங்கை. ஐந்து மாதத்துக்குள் இவ்வளவும்.

ஜூனில் மிட்வே. குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கப்பலில் படுத்திருந்ததால் அவர் பறக்கவில்லை. அக்காகி தீப்பற்றியபோது தப்பும் வேளையில் கால்கள் முறிந்தன. அதன்பின் அலுவலகப் பதவிகள்தான். குண்டு விழுவதற்கு முதல் நாள் தாம் ஹிரோஷிமாவில் இருந்து அழைக்கப்பட்டுப் புறப்பட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

போர் முடிந்ததும் பதவி போயிற்று, மரியாதையும் போயிற்று. ஊரில் கமம் செய்தார். ஜப்பானியத் தளபதிகள் மீது போர்க்குற்ற வழக்குகள் நடந்தபோது அவருக்குக் கோபம். வென்றவர்களும் நம் கைதிகளைக் கொடுமைப்படுத்தித்தான் இருப்பார்கள், அதை நிரூபிக்கிறேன் என்று, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஜப்பானியக் கைதிகளைத் தேடிப் போய் விசாரித்தார். 1947இல் அப்படி அகப்பட்டவர் கனெகசாகி, அவரோடு முன்பு சேவை செய்தவர். கொடுமைக் கதை கேட்கப் போனவருக்குக் கிடைத்ததோ வேறு கதை. மருத்துவமனையில் பெகி கோவெல் என்ற இளம்பெண் ஜப்பானியக் கைதிகளைச் சொந்தச் சகோதரரைப் போலப் பார்த்துக்கொண்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, என் தாய் தகப்பனை ஜப்பானியப் படையினர் கொன்றார்கள், அதனால்தான் என்றாளாம்.

அந்தப் பதில் ஃபுச்சிடாவுக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கும் எளிதில் பிடிபடவில்லை. பெகியின் பெற்றோர் ஜேம்ஸ், சார்மா கோவெல் பல ஆண்டுகள் ஜப்பானிலேயே ஊழியம் செய்த மிஷனரிகள். பிறகு பிலிப்பைன்ஸ் போனார்கள். பானாய்த் தீவின் மலைக்காட்டில் ஒளித்திருந்தபோது 1943 டிசம்பரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். மகளுக்கு முதலில் வெறுப்புத்தான். சாகுமுன் பெற்றோர் என்ன ஜெபித்திருப்பார்கள் என்று யோசித்தபோதுதான் அவள் மனம் திரும்பியது என்கிறார் ஃபுச்சிடா.

1948இல் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் அவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்தது. எழுதியவர் ஜேக்கப் டிஷேசர். 1942 ஏப்ரலில் ஜப்பானைத் தாக்கிய டூலிட்டில் அணியில் குண்டு போடுபவராக இருந்து, பிடிபட்டு, 40 மாதங்கள் சிறையில் கிடந்தவர். அவரோடு பிடிபட்டவர்களில் மூவர் சுடப்பட்டார்கள், இன்னொருவர் சிறையிலேயே இறந்தார். 1944இல் மூன்று கிழமைக்கு மட்டும் கொடுக்கப்பட்ட வேதாகமத்தை வாசித்துத்தான் டிஷேசர் ஆண்டவரிடம் வந்தார். ஃபுச்சிடாவும் ஒரு வேதாகமம் வாங்கினார். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக ஆண்டவர் செய்த ஜெபத்தை லூக்கா 23இல் வாசித்தபோது, பெகியின் பெற்றோர் ஜெபித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று அவருக்கு விளங்கியது. 1949இல் விசுவாசியானார். 1976இல் இறக்கும்வரை அவருடைய பெயர் சுவிசேஷ ஊழியத்தோடுதான் சேர்ந்திருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஃபுச்சிடா சொன்ன எல்லாவற்றையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. மிட்வே பற்றி அவர் எழுதியதில் முக்கியமான பகுதி தவறு என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு நூலில் பார்ஷல், டுல்லி என்ற இரு அமெரிக்கர் விரிவாகக் காட்டினார்கள். பேர்ள் ஹாபரில் மீண்டும் தாக்கவேண்டும் என்று தாம் வாதாடியதாக அவர் சொன்னதையும் சந்தேகிக்கிறார்கள். சாட்சி என்ற சொல் நீதிமன்றத்திலும் சபையிலும் ஒன்றுதான். மனந்திரும்பியவரின் நினைவும் தனக்குச் சாதகமாக வளையலாம். அதனால் அவருடைய விசுவாசம் பொய் என்று நாங்கள் நினைக்கவில்லை. மேடையில் சொல்லும்போது ஒரு சொல்லையும் கூட்டாமல் சொல்லுங்கள் என்றுதான் நம் வாலிபரைக் கேட்கிறோம்.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. பெகி தன் பெற்றோரின் மரணத்தை மன்னித்தாள். அது அவளுடைய உரிமை. அங்கொடையில் இறந்த நோயாளிகளுக்காக அவளும் மன்னிக்க முடியாது, நாமும் முடியாது. இதை நாம் ஆண்டவரிடம்தான் விடவேண்டியிருக்கிறது, விடும்போதும் கை நடுங்குகிறது.

ஃபுச்சிடாவும் டிஷேசரும் 1950இல் ஜப்பானில் சந்தித்தார்கள். டிஷேசர் அதற்கு முன்பே, 1948 டிசம்பரில், மனைவியோடு மிஷனரியாக அங்கே போயிருந்தார். 1959இல் நகோயா நகரில் ஒரு சபையைத் தொடங்கினார். 1942இல் அவருடைய விமானம் குண்டு போட்டது நகோயாவில்தான்.