தோட்டக் கிணற்று மின்பம்பியும் புவித்தொடுப்பும்

துலா மிதித்து நீர் இறைத்த தோட்டக் கிணறுகள் பலவற்றில் இன்று மின்பம்பி ஓடுகின்றது. வேலை இலகுவாயிற்று, ஆயினும் ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நிற்கும் கமக்காரருக்கு 230 உவோற்று மின்சாரம் மிக அண்மையில் வந்துள்ளது.

பம்பியினுள் கம்பிச்சுற்றின் காப்புக் கெடுமாயின் அதன் இரும்புக்கூடு முழுவதும் மின்னேறும். புவித்தொடுப்புக் கம்பி இருப்பின் அம்மின்சாரம் நிலத்துக்குச் செல்லும். இல்லையெனின் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகும். மூன்றாம் கம்பியை வெட்டிவிட்டு இரு கம்பிகளுடன் பம்பியை ஓட்டுவது பெருந்தவறு. பிளாத்திக்குக் குழாயில் அக்கம்பியைச் சுற்றிவைப்பதாலும் பயனில்லை. செம்மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புப் பாறை அண்மையிற் கிடக்கும் வலிகாமம் போன்ற இடங்களில், புவித்தண்டு ஈரமண்ணில் ஆழ இறங்கியுள்ளதா என மின்வேலை அறிந்தவர் அளந்து பார்த்தல் வேண்டும்.

உருகி உண்டே எனச் சிலர் ஆறுதல் கொள்வர். உருகி கம்பியைக் காக்குமேயன்றி ஆளைக் காக்காது. 5 அம்பியர் உருகி அசையாதிருக்க, அதன் நூற்றிலொரு பங்கான 50 மில்லியம்பியர் நெஞ்சினூடு பாய்ந்தே உயிர் போகலாம். ஆதலால் 30 மில்லியம்பியர் கசிவுக்குள் மின்னைத் துண்டிக்கும் றிப் சுவிச்சும் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அமுக்குக. சுவிச்சு விழாவிடின் உடனே மாற்றுக.

பம்பியைத் தொடுமுன்னும் கிணற்றில் இறங்குமுன்னும் பிரதான ஆளியை நிறுத்துதல் வேண்டும்.