குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறுதல்

குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறுதல் என்பது, வயிற்றுச் சுவரின் வலுக்குறைந்த இடத்தைச் சீர்செய்துகொண்ட ஒருவர் வலி நீங்கி, காயம் ஆறி, தம் வழக்கமான வேலைக்குத் திரும்பும் காலப்பகுதி ஆகும். சிக்கல் இல்லாத அறுவையில் பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கின்றனர். ஓரிரு வாரங்களில் இலேசான வேலைகளையும், நான்கு முதல் ஆறு வாரங்களில் கடும் வேலைகளையும் தொடங்க முடிகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் நெல் வேளாண்மையே முதன்மைத் தொழில். மண்வெட்டி பிடித்தல், கதிர்க்கட்டு சுமத்தல், நெல் மூட்டை தூக்குதல் என உடலுழைப்பு மிகுந்த வேலைகளைச் செய்வோருக்கு, மீண்டும் எப்போது சுமை தூக்கலாம் என்பது கூலியோடும் குடும்பத்தோடும் தொடர்புடைய கேள்வி ஆகும். இதற்கான விடை, எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதைவிட, எவ்வகை அறுவை செய்யப்பட்டது என்பதையும் வலி எந்த அளவு தணிந்துள்ளது என்பதையுமே சார்ந்தது.

குடலிறக்கமும் அறுவையும்

வயிற்றறையினுள் இருக்கும் குடலோ கொழுப்புத் திசுவோ வயிற்றுத் தசைச் சுவரின் வலுவிழந்த இடத்தின் வழியே வெளித்தள்ளிப் புடைப்பதே குடலிறக்கம். பேச்சு வழக்கில் இது ஹெர்னியா என்றும் இரணியா என்றும் வழங்கும். தொடையிடுக்கில் தோன்றும் வகையே மிகுதி. ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றேனும் இது ஏற்படுகிறது. பெண்களில் நூற்றுக்கு மூவர் அளவில் காணப்படுகிறது. தொப்புளிலும், முன்பு அறுவை செய்த தழும்பிலும் ஏற்படும் வகைகளும் உண்டு.

விரையில் நீர் கோத்து வீங்கும் விரைவீக்கம் இதனின்றும் வேறானது. யானைக்கால் நோய் நெடுங்காலம் பரவியிருந்த கும்பகோணம் வட்டாரத்தில் விரைவீக்கமும் காணப்பட்டதால், இரண்டையும் மருத்துவர் வேறுபடுத்தி அறிவது இன்றியமையாதது.

குடலிறக்கம் மருந்தால் குணமாவதில்லை. இத்தாலிய அறுவை மருத்துவர் எதுவார்தோ பசினி 1887-இல் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். நெடுங்காலம் இதுவும் இதன் திருத்தங்களுமே கையாளப்பட்டன. 1980-களில் அமெரிக்காவின் இர்விங் லிக்டன்சுடைன், தசைகளை இழுக்காமல் அவ்விடத்தில் மெஷ் எனப்படும் செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். 1990-களில் சிறு துளைகள் வழியே வலை பொருத்தும் லேப்ராஸ்கோப்பி முறை வந்தது.

இந்தியாவிலும் இத்துறையில் முயற்சிகள் நடந்துள்ளன. புனேயைச் சேர்ந்த மோகன் தேசர்தா 2001-இல், வலை இன்றி நோயாளியின் தசையுறைப் பட்டையையே கொண்டு சீர்செய்யும் முறையை வெளியிட்டார். மகாராட்டிரத்தின் தொண்டாயிச்சா ஊரில் பணியாற்றிய இரவீந்திரநாத் தோங்காவ்கர், தொற்றுநீக்கிய கொசுவலைத் துணியை விலை குறைந்த மெஷ்ஷாகப் பயன்படுத்தி, அதன் முடிவுகளை 2003-இல் பதிவு செய்தார். உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய மலிவான வலைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நீண்ட ஓய்வு என்னும் கருத்து

குடலிறக்க அறுவைக்குப் பின் மூன்று மாதமோ ஆறு மாதமோ எதையும் தூக்கக் கூடாது என்னும் கருத்து பரவலாக உள்ளது. பழைய தையல் முறையில் தசைகள் இழுவிசையில் இருந்தன. அறுபட்ட திசுவோ மெதுவாகவே வலுப்பெறும். தோற்காயம் மூன்று வாரத்தில் தன் இயல்பான வலுவில் 20 முதல் 30 விழுக்காட்டையும், மூன்று மாதத்தில் சுமார் 80 விழுக்காட்டையும் மட்டுமே அடைகிறது. ஆதலால் தையல் விட்டுப்போகும் என்ற அச்சத்தில் நீண்ட ஓய்வு கூறப்பட்டது. அக்காலத்திலேயே கனடாவில் 1945-இல் தொடங்கப்பட்ட சோல்டைசு மருத்துவமனை, நோயாளிகளை விரைவில் எழுந்து நடக்கச் செய்து நற்பயன் கண்டது.

வலை வைத்த அறுவையில் வயிற்றின் அழுத்தத்தை முதல் நாளிலிருந்தே வலை தாங்குகிறது. 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், சிக்கலற்ற தொடையிடுக்கு அறுவைக்குப் பின் இயக்கத்தைத் தடைசெய்யத் தேவையில்லை என்றும், முன்கூட்டியே வேலைக்குத் திரும்புவதால் குடலிறக்கம் மீண்டும் வருவது மிகுவதில்லை என்றும் கூறுகிறது. எனினும் கடும் சுமை தூக்குவோருக்கு நான்கு முதல் ஆறு வாரம் தவிர்க்குமாறு பல மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துகின்றனர்.

இருமல், தும்மல், மலம் கழிக்கையில் முக்குதல் ஆகியவை வயிற்றினுள் உண்டாக்கும் அழுத்தம், ஒரு குடம் நீரைத் தூக்குவதால் உண்டாவதைவிட மிகுதியாக இருக்கலாம். எனவே சுமையைத் தவிர்த்துவிட்டு இருமலையும் மலச்சிக்கலையும் கவனியாது விடுவது பயனற்றது.

தேறும் படிநிலைகள்

முதல் நாள்: முதுகுத்தண்டில் ஊசி போட்டு உணர்வகற்றியிருந்தால் கால்களில் சில மணி நேரம் மரத்த நிலை இருக்கும். சிறுநீர் கழிக்க இயலாமை சிலருக்கு ஏற்படும். முதிய ஆண்களில் இது மிகுதி. அடிவயிறு கனத்து வலித்தால் செவிலியரிடம் உடனே கூற வேண்டும். உணர்வு திரும்பியதும் துணையுடன் எழுந்து நடப்பது, கால் சிரைகளில் இரத்தம் உறைவதையும் நெஞ்சுச் சளி தேங்குவதையும் குறைக்கும். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுவது வலியைக் குறைக்கும். இருமும்போது காயத்தின் மேல் உள்ளங்கையையோ சிறு தலையணையையோ அழுத்திக்கொள்ளலாம்.

முதல் வாரம்: முதல் மூன்று நாட்களில் வலி மிகுந்து, பின்னர் தணியும். காயத்தைச் சுற்றியும் விரைப்பையிலும் ஆண்குறியிலும் கருநீல நிறம் படர்வது பலரை அச்சுறுத்தும். கசிந்த இரத்தம் கீழிறங்குவதால் ஏற்படும் இது ஓரிரு வாரத்தில் மறையும். விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை ஆறுதல் தரும். கரையாத நூலாயின் தையல் ஏழு முதல் பத்து நாட்களில் பிரிக்கப்படும்.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: காயத்தின் கீழ் ஒரு தடித்த மேடு தென்படும், இது ஆறும் திசு ஆகும். அறுவை நடந்த இடத்தில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. குடலிறக்கம் மீண்டும் வந்துவிட்டதாக இதைப் பலர் எண்ணுவர். பெரும்பாலும் இது ஆறு முதல் எட்டு வாரத்தில் தானாக வற்றும். ஊசியால் உறிஞ்சினால் தொற்று ஏற்பட வாய்ப்புள்ளதால் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பர்.

அதற்குப் பின்: தழும்பைச் சுற்றி மரத்த உணர்வு சில மாதங்களோ நிலையாகவோ இருக்கலாம். பத்தில் ஒருவர் அளவில் மூன்று மாதத்திற்கு மேலும் ஓரளவு வலியை உணர்கின்றனர். அன்றாட வேலையைக் கெடுக்கும் கடும் வலி சிலருக்கே ஏற்படும். அது மருத்துவம் தேவைப்படும் நிலை; சோம்பலோ கற்பனையோ அன்று.

உணவும் பத்தியமும்

அறுவைக்குப் பின் தயிர், கத்தரிக்காய், பருப்பு, முட்டை ஆகியவை சீழ் பிடிக்கச் செய்யும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் உண்டு. சீழ் உண்டாவது நுண்ணுயிர்த் தொற்றால், இவ்வுணவுகளால் அன்று. மாறாகக் காயம் ஆறப் புரதம் தேவை என்பதால், பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை நிறுத்துவது ஆறுதலைத் தாமதப்படுத்தக் கூடும். கீரை, வாழைத்தண்டு, பழங்கள், போதிய நீர் ஆகியவை மலச்சிக்கலைத் தடுக்கும். வலிக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்குவதால், தேவையெனில் மருத்துவர் மலமிளக்கி தருவார். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டைக்குளோஃபீனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி உண்பது தீங்கானது.

புகைபிடித்தல் இருமலை உண்டாக்குவதோடு காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருத்தல் தொற்றைத் தடுக்க உதவும்.

வயல் வேலைக்குத் திரும்புதல்

கீழ்க்காண்பவை சிக்கலற்ற தொடையிடுக்கு அறுவைக்குப் பின் பொதுவாகக் கூறப்படும் கால அளவுகள். ஒவ்வொருவருக்கும் மருத்துவர் கூறுவதே முடிவானது.

- முதல் இரு வாரம்: நடத்தல், மாடிப்படி ஏறுதல், இலேசான வீட்டு வேலை. வயலைச் சென்று பார்ப்பதில் தடையில்லை. ஆனால் சேற்றில் இறங்குவது தவிர்க்கத்தக்கது.
- இரண்டு முதல் நான்கு வாரம்: மிதிவண்டி, இருசக்கர வண்டி ஓட்டுதல். சட்டென நிறுத்தும்போது வலிக்காத நிலையை அடைந்த பின்னரே வண்டி ஓட்டுவது பாதுகாப்பானது. காயம் முழுதும் மூடியிருந்தால், வலி பொறுக்கும் அளவில் களை எடுத்தல், நாற்று நடுதல் ஆகியவற்றைத் தொடங்கலாம்.
- நான்கு முதல் ஆறு வாரத்திற்குப் பின்: வரப்பு வெட்டுதல், கதிர்க்கட்டு சுமத்தல், மூட்டை தூக்குதல்.

காயம் மூடும்வரை ஆறு, குளம், வாய்க்காலில் குளிப்பதும் தேங்கிய வயல் நீரில் நிற்பதும் தொற்றுக்கு வழிவகுக்கும். சுத்தமான நீரை மொண்டு ஊற்றிக் குளிப்பது, மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து ஏற்றது.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டைகளாகக் கட்டப்படுகிறது. அங்குள்ள சுமை தூக்கும் தொழிலாளருக்கு மூட்டைக் கணக்கில் கூலி என்பதால், முதல் நாளிலேயே முழு அளவு வேலை செய்யும் நெருக்கடி உண்டு. சாக்குப் பிடித்தல், எடை பார்த்தல், தைத்தல் போன்ற பணிகளில் தொடங்கி, பின் இருவர் சேர்ந்து தூக்கி, அதன் பின்னரே தனியாகச் சுமப்பது ஏற்ற வழி. முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து, மூச்சை அடக்காமல் தூக்குதல் நல்லது. தூக்கும்போது அறுவை நடந்த இடத்தில் கூர்மையான வலி தோன்றினால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

பெரிய தழும்புக் குடலிறக்கத்தைச் சீர்செய்தவர்களுக்கும், அவசர அறுவையில் குடல் வெட்டப்பட்டவர்களுக்கும் இந்தக் கால அளவுகள் பொருந்தா. அவர்களுக்குக் கூடுதல் காலம் தேவைப்படும். எனவே வீடு திரும்பும்போது தரப்படும் சீட்டில் அறுவையின் பெயர், வலை வைக்கப்பட்டதா என்பது ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா எனப் பார்த்து, அதைப் பாதுகாத்து வைப்பது பிற்காலத்தில் பயன்படும்.

அறுவைக்குரிய காலம்

சம்பா அறுவடை பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் முடிகிறது. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் சூன் 12. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோடையில் அறுவை செய்துகொண்டால், குறுவைப் பணிகளுக்கு முன் ஆறு வாரம் கிடைக்கும். தொல்லை குறைந்த குடலிறக்கம் உள்ள ஆண்கள் இவ்வாறு சில மாதம் காத்திருப்பதில் ஆபத்து குறைவு. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், காத்திருந்தவர்களில் குடல் சிக்கும் நிலை ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவாகவே ஏற்பட்டது. எனினும் பத்து ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இருவர், பெரும்பாலும் வலி காரணமாக, அறுவை செய்துகொண்டனர்.

பெண்களுக்கு இது பொருந்தாது. தொடையிடுக்கிற்குச் சற்றுக் கீழே தோன்றும் தொடைக் குடலிறக்கம் பெண்களிடம் மிகுதி. அதில் குடல் சிக்கும் வாய்ப்பும் மிகுதி என்பதால் தாமதிக்கலாகாது. புடைப்பு உள்ளே போகாமல் கல் போல் இறுகி, வலியும் வாந்தியும் தோன்றினால், ஆணாயினும் பெண்ணாயினும் அது சில மணி நேரத்தில் குடல் அழுகக்கூடிய அவசர நிலை ஆகும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- காயத்தில் சீழ், பரவும் சிவப்பு, அல்லது காய்ச்சல்
- நிற்காத இரத்தக் கசிவு அல்லது விரைந்து பெருகும் வீக்கம்
- சிறுநீர் கழிக்க இயலாமை
- தொடர் வாந்தி, வயிறு உப்புதல், காற்றும் மலமும் பிரியாமை
- விரையில் கடும் வலி
- ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி

இவற்றுள் மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சுவலிக்கும் 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

மருத்துவ வசதிகள்

காவிரிப் படுகையில் 1959-இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, 2010-இல் தொடங்கப்பட்ட திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2022-இல் திறக்கப்பட்ட நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் மருத்துவமனைகள் உள்ளன. கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் இயங்குகின்றன. கட்டு மாற்றுவதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தமக்குரிய அறுவை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகக் கேட்டறிதல் நன்று.